மைக் பிடித்தால் மூச்சு வாங்குகிறதா? மேடை நடுக்கத்தை மூச்சால் அடக்க முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று எந்த கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். டீக்கடையில் உட்கார்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு மணி நேரம் அசராமல் பேசுகிறவர், எந்த வாய்க்காலில் எந்த மதகு பழுது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர், மைக் கைக்கு வந்ததும் இரண்டே வாக்கியத்தில் குரல் நடுங்கி, மூச்சு வாங்கி, சொல்ல வந்ததில் பாதியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை, மூச்சுதான் ஒத்துழைக்கவில்லை. கிராம சபையில் கணக்கு கேட்க எழுந்திருக்கும் மகளிர் குழு அக்காவுக்கும், ஆண்டு விழாவில் மேடையேறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும், கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் முதல் தடவை பேசப் போகும் தம்பிக்கும் நடப்பது இதேதான்.

பேச்சு என்பது பிறவியிலேயே வர வேண்டும் என்ற நினைப்பு நம் பக்கம் கொஞ்சம் அதிகம். வலங்கைமானில் 1869ல் பிறந்த சீனிவாச சாஸ்திரி, திருக்குவளையில் 1924ல் பிறந்த கலைஞர் என்று பேச்சாலேயே பேர் வாங்கியவர்கள் பிறந்த மண் என்பதால் இருக்கலாம், நமக்கு அது வராது என்று பலர் முன்கூட்டியே ஒதுங்கிவிடுகிறார்கள். சொல்வன்மை ஆளுக்கு ஆள் மாறும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குரல் நடுங்காமல் நின்று தன் குறையைச் சொல்லி முடிப்பது பழக்கத்தில் வருகிற விஷயம், யாருக்கும் வரும்.

அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "நல்லா மூச்சை இழுத்துவிட்டுப் பேசு." இதில் இழுப்பதை மட்டும் எல்லோரும் செய்கிறார்கள், விடுவதை மறந்துவிடுகிறார்கள். நம்மை அமைதிப்படுத்துவது விடும் பாதிதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

முதலில், உடம்பில் என்ன நடக்கிறது

நூறு கண்கள் நம்மையே பார்க்கும்போது உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, எச்சில் சுரப்பு குறைந்து வாய் காய்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. மூச்சு வயிற்றை விட்டு நெஞ்சுக்கு ஏறி, சின்னச் சின்னதாக, வேகமாக ஆகிறது.

இப்படி வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. கழிவு வாயுதானே, போகட்டுமே என்று தோன்றும். அப்படி இல்லை, அது ஒரு அளவுக்கு ரத்தத்தில் இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை லேசாகச் சுற்றுகிறது, விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. பேசுகிறவருக்குக் காற்று போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் இழுக்கிறார். உள்ளே காற்று ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நிறைகுடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது, எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே போகாது.

இதற்கு நேர்மாறான வழியும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது கொஞ்சம் குறையும். இதயத்தைக் கட்டுப்படுத்தும் வேகஸ் என்ற நரம்பின் வேலை இது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள், பலருக்கு விரலிலேயே தெரியும், இள வயதுக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆக, விடும் மூச்சை நீட்டினால் துடிப்பு அடங்கும் நேரமும் நீளும். "பயப்படாதே" என்று மனசுக்குச் சொன்னால் அது கேட்பதில்லை, இதயத்துக்கு இந்த வழியில் சொன்னால் கேட்கிறது.

இன்னொன்று, குரல் பிறப்பதே வெளியே போகும் காற்றில்தான். அந்தக் காற்று சீராகப் போனால் குரல் சீராக இருக்கும். கழுத்தும் வயிறும் இறுகி, காற்று விட்டு விட்டுப் போனால் குரலும் நடுங்கும், சுருதியும் ஏறிவிடும்.

படி 1: மூச்சை வயிற்றுக்கு இறக்குவது

இதை மேடையில் கற்றுக்கொள்ள முடியாது, வீட்டில்தான். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கினால் நல்லது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை நெஞ்சிலும் இன்னொரு கையைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள். மூக்கு வழியாக மூச்சு எடுக்கும்போது வயிற்றுக் கை எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்குவதால்தான் வயிறு எழும்புகிறது. வயிற்றை வேண்டுமென்றே உப்ப வைக்காதீர்கள், காற்று போய் அதைத் தள்ளட்டும்.

சாப்பிட்ட உடனே வேண்டாம், வயிறு கனமாக இருந்தால் உதரவிதானம் இறங்க இடமிருக்காது. படுக்கப் போகும் முன் ஐந்து நிமிஷம் போதும். படுத்துச் செய்வது சுலபமான பிறகு திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள், அதன் பிறகு நின்றுகொண்டு. நின்று செய்யும்போது பலருக்கு மூச்சு மறுபடி நெஞ்சுக்கு ஏறிவிடும், கவலைப்பட வேண்டாம், சில நாளில் இறங்கிவிடும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம், உடை. பேசப் போகும் நாளில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவதும், புடவை நழுவிவிடுமோ என்று உள்பாவாடை நாடாவை இழுத்து முடிச்சுப் போடுவதும் சகஜம். அது வயிற்று மூச்சை அப்படியே தடுத்துவிடும். உட்கார்ந்து வயிறு நிறைய ஒரு மூச்சு எடுத்து, அந்த அளவுக்குக் கட்டுங்கள்.

படி 2: விடும் மூச்சை நீட்டுவது

மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்று வைத்தால் ஒரு மூச்சு பத்து விநாடி, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்குச் சாதாரணமாக நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை ஓடும், அதில் பாதிக்கோ அதற்கும் கீழேயோ வந்துவிடுகிறீர்கள். மெதுவான மூச்சைப் பற்றிய ஆராய்ச்சிகளில் இந்த ஆறு என்ற அளவு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வாரம் போன பிறகு நாலுக்கு எட்டு என்று நீட்டலாம். விடும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாலும் சரி, பல்லுக்கு நடுவே "ஸ்ஸ்ஸ்" என்று விட்டாலும் சரி, காற்று ஒரே அளவில் போகிறதா என்று காதிலேயே கேட்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: மூச்சை அடக்க வேண்டாமா? திருவாவடுதுறையோடு சேர்த்துச் சொல்லப்படும் திருமூலர் பிராணாயாமத்துக்குச் சொன்ன கணக்கு, பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. இழுப்பதற்கு 16 என்றால் விடுவதற்கு 32, சரியாக இரண்டு மடங்கு. நாலுக்கு எட்டு என்று நான் சொன்னதும் அதே விகிதம்தான். ஆனால் நடுவில் இருக்கும் 64 குருவிடம் உட்கார்ந்து பழக வேண்டிய சாதனை. நெஞ்சு படபடக்கும் நேரத்தில் மூச்சை அடக்கினால் திணறல்தான் கூடும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அடக்கும் பயிற்சியை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மேடைக்கு அது தேவையும் இல்லை. எண்ணும்போது மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், மூன்றுக்கு ஐந்து என்றாலும் பலன் உண்டு.

படி 3: அந்த மூச்சின் மேல் குரலை ஏற்றுவது

மூச்சுப் பயிற்சி செய்தவர்கள்கூட மேடையில் கோட்டை விடுவது இங்கேதான். அமைதியாக மூச்சு விடப் பழகியிருப்பார்கள், பேசிக்கொண்டே விடப் பழகியிருக்க மாட்டார்கள்.

வாயை மூடி "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் மூச்சு முடியும் வரை முனகுங்கள். உதட்டிலும் மூக்குத் தண்டிலும் அதிர்வு தெரியும். பிறகு "ஆ", பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே மூச்சில் எண்ணிக்கொண்டே போங்கள், கடைசி எண்ணும் முதல் எண் போலவே கேட்க வேண்டும். காற்றைக் கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம், கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். பிழிந்து பேசினால் அடுத்த மூச்சு திடுக்கென்று சத்தத்தோடு உள்ளே போகும், அது மைக்கில் அப்படியே கேட்கும்.

நம் ஊரில் இதற்கு நல்ல பாடம் கோயிலில் கிடைக்கும். அடுத்த தடவை சாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரரின் பக்கத்தில் நின்று, எங்கே அவர் மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். சங்கதி ஒன்று முடியும் இடத்தில் எடுப்பார், நடுவில் வெட்டமாட்டார். இரண்டு பேர் வாசித்தால் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடித்துக்கொள்ள, இவர் நிதானமாக மூச்சு வாங்கிக்கொள்வார். பேசுகிறவருக்கு இன்னொரு ஆள் கிடையாது, அதனால் அந்த இடைவெளியை நாமே பேச்சுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 4: பேச்சை மூச்சு மூச்சாக வெட்டுவது

நேரம் செலவழித்தால் பலன் தரும் படி இதுதான் என்று நினைக்கிறேன். மனுவை எழுதும்போது நாம் எழுதும் வாக்கியம் இப்படி இருக்கும்:

"எங்கள் ஊரில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கடந்த பத்து நாட்களாகக் கொள்முதல் செய்யப்படாமல் குவிந்து கிடக்கும் நெல் மூட்டைகள் மழையில் நனைந்து ஈரப்பதம் கூடிவிடும் அபாயம் உள்ளதால் உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

காகிதத்தில் இது சரி. வாயால் இதைச் சொல்லி முடிக்க நல்ல பயிற்சி உள்ளவருக்கே மூச்சு முட்டும், பதற்றத்தில் இருப்பவருக்கு "குவிந்து கிடக்கும்" வரை வந்ததும் காற்று தீர்ந்துவிடும். எழுதிக் கொடுப்பது ஒன்று, பேசுவது வேறொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு:

"ஐயா, வணக்கம். / எங்க ஊர் கொள்முதல் நிலையத்துல பத்து நாளா நெல் எடுக்கலை. / மூட்டை எல்லாம் வெளியில கிடக்கு. / மழை வந்தா ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிரும். / தாண்டிட்டா வாங்க மாட்டேன்னு சொல்வாங்க. / இந்த வாரமே எடுக்கச் சொல்லணும் ஐயா."

சாய்வுக் கோடு போட்ட இடமெல்லாம் மூச்சு. தாளில் சிவப்புப் பேனாவால் பெரிதாகவே போடுங்கள், படபடப்பில் சின்னக் கோடு கண்ணில் படாது. ஒவ்வொரு கோட்டிலும் வாயை மூடுங்கள். வாயை மூடினாலே மூக்கு வழியாகக் காற்று தானாக உள்ளே போய்விடும், நீங்கள் இழுக்க வேண்டியதில்லை. வீட்டில் சத்தம் போட்டு, நின்றுகொண்டு, மாட்டுக் கொட்டகையோ மொட்டை மாடியோ எதுவானாலும் சரி, தினமும் சில தடவை சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று வாக்கியம் மட்டுமாவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், ஏனென்றால் நடுக்கம் உச்சத்தில் இருப்பது அந்த மூன்று வாக்கியத்தில்தான்.

படி 5: காத்திருக்கும் நேரம்

பேசுவதை விடப் பேசக் காத்திருப்பது கஷ்டம். பெயர் கூப்பிடப்படும் வரை இதயம் ஓடிக்கொண்டே இருக்கும். கும்பகோணத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும், வழக்கமான டிகிரி காபி ஒன்று போதும், அன்றைக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் வேண்டாம், படபடப்போடு காபியும் சேர்ந்தால் துடிப்பு இன்னும் ஏறும். தண்ணீர் குடிக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக.

முடிந்தால் அரை மணி நேரம் முன்பே போய் இடத்தைப் பாருங்கள். மைக் எங்கே, எந்தப் பக்கமாக நடந்து போக வேண்டும் என்று தெரிந்தாலே பாதி பயம் குறையும். உட்கார்ந்த பிறகு இரண்டு பாதமும் தரையில் படட்டும், மனுவை மடியில் வைத்துவிடுங்கள், கையில் பிடித்தால் தாள் ஆடும், தாள் ஆடுவதைப் பார்த்து நமக்கு நடுக்கம் கூடும். நாலுக்கு எட்டு, மூக்காலேயே, பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடத் தெரியாமல் செய்யலாம். வெளியே வராந்தாவில் நின்றால் நடந்துகொண்டே செய்யுங்கள், மூன்று அடிக்கு இழுத்து ஐந்து அடிக்கு விடுவது.

அடுத்தது நீங்கள்தான் என்ற நிலையில் இன்னொரு முறை கைகொடுக்கும். மூக்கால் ஒரு மூச்சு, அது நிறைந்ததும் விடாமல் அதற்கு மேலேயே சின்னதாக இன்னொரு இழுப்பு, பிறகு வாய் வழியாக மெதுவாக, நீளமாக, முழுக்க விடுவது. அழுது ஓய்ந்த குழந்தை தன்னையறியாமல் இப்படித்தான் மூச்சு விடும். 2023ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிஷம் இப்படி மூச்சு விட்டவர்களுக்கு, அதே நேரம் தியானம் செய்தவர்களை விட மனநிலை அதிகமாகத் தெளிந்ததாகக் கண்டார்கள். அது மேடைப் பேச்சை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, ஆனால் இரண்டு மூன்று தடவை செய்தாலே தோள் இறங்குவதை நீங்களே உணரலாம். அதற்கு மேல் செய்ய வேண்டாம், தலை சுற்றும்.

படி 6: மைக் முன்னால் முதல் பத்து விநாடி

போய் நின்றதும் எல்லோரும் செய்வது, மூச்சை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பது. நீங்கள் முதலில் விடுங்கள். முகத்தை மைக்கிலிருந்து கொஞ்சம் திருப்பி, இல்லையென்றால் புஸ் என்று அரங்கம் முழுக்கக் கேட்கும், உள்ளே இருப்பதை மெதுவாக வெளியே விடுங்கள். தோள் இறங்கும். காற்று தானாக உள்ளே வரும். அப்போது "வணக்கம்" சொல்லுங்கள்.

நம் மேடை மரபில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அவை வணக்கம். "விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் அம்மா அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே" என்று போகும் அந்த வரிசையைப் பலர் கடமைக்கு ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, மூச்சு தீர்ந்த நிலையில் விஷயத்துக்கு வருகிறார்கள். அதை மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு "அவர்களே"வுக்கும் ஒரு நிறுத்தம், ஒரு முகம், ஒரு மூச்சு. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத வார்த்தைகள், தப்பாகப் போக வழியில்லை, அவையும் அந்த நேரத்தில் உங்களிடம் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை. வரிசை முடியும்போது உங்கள் மூச்சு ஒரு நடைக்கு வந்திருக்கும். குறைதீர்க்கும் கூட்டத்தில் இவ்வளவு நீட்ட நேரம் தர மாட்டார்கள், அங்கே பெயர், ஊர், வட்டம் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் அதே வேலை நடக்கும்.

படி 7: நடுவில் தடுமாறினால்

குரல் ஆடத் தொடங்கினால் வேகமாகப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடியுங்கள். வாயை மூடுங்கள். மூக்கால் விடுங்கள். தெரிந்த முகம் ஒன்றைப் பாருங்கள். அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் தணிந்த குரலில் தொடங்குங்கள். இந்த மூன்று நாலு விநாடி உங்களுக்கு யுகமாகத் தெரியும், கேட்கிறவர்களுக்கு நிதானமான ஆள் என்றுதான் தெரியும். தலை சுற்றினால் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சின் வேகத்தைக் குறையுங்கள், அல்லது உட்கார்ந்துகொண்டே பேச அனுமதி கேளுங்கள், அதில் தவறே இல்லை. பைக்குள் மூச்சு விடுகிற பழைய வைத்தியம் வேண்டாம், அதில் ஆபத்து உண்டு.

அதிகாரி குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால்? பதில் தெரிந்தாலும் உடனே பாயாமல் ஒரு மூச்சை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். கோபத்திலும் உடம்பு இதே மாதிரிதான் நடந்துகொள்கிறது, நியாயமான கோரிக்கைகூடக் கத்தலாகக் கேட்டுவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், படபடப்பு அடியோடு போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், போகவும் தேவையில்லை. ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வில், பேசும் முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களை விட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். இதயம் அடிக்கட்டும், மூச்சு உங்கள் கையில் இருந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு

சின்னப் பிள்ளைகளிடம் எண்ணிக்கை எடுபடாது. மெழுகுவத்தியைக் கைக்கு எட்டும் தூரத்தில் ஏற்றி வைத்து, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, சுடர் அணையாமல் ஆடிக்கொண்டே இருக்கும்படி ஊதச் சொல்லுங்கள், விளையாட்டாகவே நீண்ட மூச்சு வந்துவிடும். மனப்பாடம் செய்த பேச்சை ரயில் வேகத்தில் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, முற்றுப்புள்ளி வரும் இடத்தில் எல்லாம் ஓர் அடி முன்னால் நடந்து காட்டச் சொல்லுங்கள். மேடைக்குப் போகும்போது "பயப்படாதே" என்று காதில் சொல்லி அனுப்பாதீர்கள், அது பயத்தைத்தான் ஞாபகப்படுத்தும். "ஊதிட்டு ஆரம்பி" என்று சொல்லுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது

பேசுவதற்குப் பல நாள் முன்பே தூக்கம் கெடுகிறது, பேச வேண்டி வரும் என்பதற்காகவே வேலையை, படிப்பை, விசேஷங்களைத் தவிர்க்கிறீர்கள் என்றால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நெஞ்சு வலியோ, ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத் திணறலோ வந்தால் அதை மேடை பயம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். நடுக்கத்துக்கு என்று புரோப்ரனலால் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது, டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வேண்டாம்.

எங்கே பேசிப் பழகுவது

நேரே கலெக்டர் முன்னால் தொடங்க வேண்டியதில்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பது, கோயில் கமிட்டியில் ஒரு யோசனையை எழுந்து நின்று சொல்வது, கல்யாண வீட்டில் மணமக்களை இரண்டு வரியில் வாழ்த்துவது என்று தெரிந்த முகங்களுக்கு நடுவில் தொடங்குங்கள். அடுத்து கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது, ஊராட்சி வாக்காளர் யாரும் எழுந்து கேட்கலாம். அடுத்து வரும் தேதி எது என்று பார்த்துவிட்டு, உங்கள் தெருவின் விளக்கோ வாய்க்காலோ ஏதாவது ஒன்றைப் பற்றி மூன்றே வாக்கியம், நடுவில் இரண்டு சிவப்புக் கோடு போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.